‘ப’ வடிவக் கம்பி

சிமென்ட் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் இரண்டு கம்பிகளை வைத்திருந்தார்கள். கறுப்பு பெயின்ட் பளபளத்தது. நடுவில் நீளமாக நேராகப் போய், இரண்டு முனையிலும் ஒரே பக்கமாக மடங்கியிருந்த அந்தக் கம்பிகளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ‘ப’ என்ற எழுத்துதான். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் தகரக் கூரை போட்ட ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே கம்பெனி பஸ்கள்கூட இல்லாத அமைதி.

கம்பிகளை வாங்கியவர் என் நண்பர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவரிடம் இருப்பது 1960களில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஷெட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச நேரம் ஓட்டினால் அது பிறந்த ஊரே வந்துவிடும். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை பெருங்களத்தூரில்தான் இருந்தது. ஹூண்டாய், நிசான், டெய்ம்லர் எல்லாம் இந்தப் பக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சென்னையின் தெற்கு விளிம்பில் கார் செய்துகொண்டிருந்த இடம் அது.

ஹெரால்டுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் தம்பி உண்டு. 1962இல் பிரிட்டனில் வந்த டிரையம்ப் ஸ்பிட்பயர். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டே இருக்கையோடு செய்த திறந்த கார். இரண்டுக்கும் உடல் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. முன் சஸ்பென்ஷனும் பெருமளவு ஒன்றுதான் என்பதால் தம்பியின் உதிரிபாகங்கள் அண்ணனுக்குப் பொருந்தும். நண்பர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்ததும் ஸ்பிட்பயருக்கான கம்பிகளைத்தான். முன்னால் போட ஒன்று, பின்னால் போட ஒன்று. “வளைவுல வண்டி சாயவே சாயாதாம்” என்றார்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட நண்பரின் வயது. புதுப்பேட்டையில் தொழில் கற்றவர். இரண்டு கம்பிகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். சின்னதைத் திரும்ப வைத்துவிட்டார்.

“முன்னாடி ஸ்டெபிலைசர் போடலாம் சார். பின்னாடிது வேணாம்.”

“ஏன், செட்டாத்தானே குடுத்திருக்கான்?”

“குடுப்பான் சார். இது வளைவுல பின்பக்கம் தூக்கிக்கிற வண்டி. சக்கரம் காலை மடக்கிக்கும். பின்னாடி கம்பி போட்டா இன்னும் சீக்கிரம் மடக்கும்.”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் இயற்பியல் படித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளில் படம் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த மனிதர் சொன்ன மூன்று வாக்கியத்தில் எவ்வளவு விஷயம் அடங்கியிருந்தது என்று புரிந்தது.

*

முதலில் கம்பி. பொறியாளர்கள் ஆன்ட்டி ரோல் பார் என்பார்கள், அமெரிக்கர்கள் ஸ்வே பார் என்பார்கள், நம் பட்டறைகளில் ஸ்டெபிலைசர். யோசனை பழையது. கனடாவின் பிரெடரிக்டன் நகரத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

‘ப’வின் நடுத்தண்டு காரின் குறுக்கே கிடக்கும். ரப்பர் புஷ் வைத்த இரண்டு கிளாம்ப் அதைச் சேஸிஸோடு பிடித்திருக்கும்; ஆனால் அதற்குள் தண்டு உருளலாம். ‘ப’வின் இரண்டு கைகளும் ஆளுக்கொரு சக்கரத்தோடு, சின்ன லிங்க் ராடு வழியாக இணைந்திருக்கும். இப்போது வண்டி வேகத்தடை ஏறுகிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போகும், இரண்டு கையும் ஒன்றாக மேலே போகும், தண்டு கிளாம்புக்குள் உருண்டுகொள்ளும். கம்பி அங்கே இருப்பதே வண்டிக்குத் தெரியாது. வளைவில் திரும்பும்போதுதான் கதை வேறு. உடல் ஒரு பக்கம் சாய, ஒரு கை மேலே போகப் பார்க்கும், மறு கை கீழே. ஈரத்துணியின் இரு முனையைப் பிடித்துப் பிழிவதுபோல் நடுத்தண்டு முறுக்கப்படும். எஃகுத் துணியைப் பிழிவது சுலபமா? அந்த எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்கிறது.

ஷேர் ஆட்டோவில் போகும்போது இதை நினைத்துக்கொள்வேன். முன்னால் ஒற்றைச் சக்கரம். ‘ப’வின் இரண்டாவது கையைக் கட்ட அங்கே இடமில்லை. சாய்வைத் தடுக்கிற முழு வேலையும் பின்சக்கரங்கள் இரண்டின் தலையில்தான்.

இந்தத் தொழில் வட்டாரத்திலிருந்து கப்பல் ஏறும் கார்களில் இதே கம்பி வேறு வேஷத்திலும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஹூண்டாய் ஐ20யின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரத்தின் கைகளையும் இணைத்து ஒரு குறுக்கு உத்தரம் ஓடும். வண்டி சாயும்போது அந்த உத்தரமே முறுக்கிக்கொள்ளும். அச்சும் அதுவே, ஸ்டெபிலைசரும் அதுவே. மலிவான காருக்குக் கண்டுபிடித்ததில் மிக நேர்த்தியான ஏற்பாடு என்று இதைத்தான் சொல்வேன்.

நண்பரின் காரில் ஏற்கெனவே முன்னால் ஒரு மெல்லிய கம்பி இருந்தது. மெக்கானிக்கின் வெர்னியரை வாங்கி அளந்தேன். பழையது பதினேழரை மில்லிமீட்டர். புதியது 22. நாலரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம் இருக்கும். ஆனால் உருண்டைத் தண்டின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 22ஐப் பதினேழரையால் வகுத்து, வந்ததை நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 2.5. கம்பி இரண்டரை மடங்கு விறைப்பு! கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு கம்பிகள் நடத்தையில் இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கு அந்த நான்காம் அடுக்குதான் காரணம்.

ஏன் நான்கு? தண்டைத் திருகும்போது நட்ட நடுவில் இருக்கும் எஃகு அசைவதே இல்லை. மையத்திலிருந்து விலக விலகத்தான் எஃகு அதிகம் இழுபடுகிறது, அதிகம் எதிர்க்கிறது. அதோடு, விலகிய தூரத்துக்கு ஏற்ப நெம்புகோலின் நீளமும் கூடுகிறது, அந்தத் தூரத்தில் வளையமாகச் சுற்றியிருக்கும் எஃகின் அளவும் கூடுகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பெருகி நான்கில் வந்து நிற்கிறது. மையம் சும்மா இருக்கிறது என்றால் அதை எடுத்துவிட்டால் என்ன? அதைத்தான் இப்போது செய்கிறார்கள். 24 மில்லிமீட்டர் தண்டில் நடுவே 16 மில்லிமீட்டர் துளை இருந்தால் எடை 44 விழுக்காடு குறையும். விறைப்பில் போவது 20 விழுக்காடுதான். மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்கு சார் பாரின்? எம்.எஸ். ராடு வாங்கி நானே வளைச்சுத் தந்திருப்பேனே” என்றார். எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பு வளைந்துகொடுக்கும், ஸ்பிரிங் எஃகுதான் விறைப்பு என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. எஃகு எந்த ரகமானாலும் திருகலுக்குக் காட்டும் விறைப்பு அநேகமாக ஒன்றுதான், சுமார் 80 ஜிகாபாஸ்கல். மெல்லச் சாயும் வரை, லேத்காரரின் எம்.எஸ். கம்பியும் அந்தப் பாரின் கம்பியும் ஒரே மாதிரிதான் எதிர்க்கும். வித்தியாசம் தெரிவது எல்லை தாண்டும்போது. ஸ்பிரிங் எஃகு நிறைய முறுக்கினாலும் திரும்பி வரும், எம்.எஸ். கம்பி ஒரு வேகமான வளைவில் முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பிறகு நேர்ச்சாலையில்கூட வண்டி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடும். அதைவிட மோசமானது, ஸ்பிரிங் எஃகுக் கம்பியில் வெல்டிங் வைப்பது. வெல்டிங்கின் ஓரத்தில் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். முறுக்கின் அழுத்தம் மேற்பரப்பில்தான் உச்சம் என்பதால் விரிசலும் அங்கேதான் முளைக்கும். அதற்காகவே நல்ல கம்பிகளின் தோலைச் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளால் மாரியாக அடித்து இறுக்கி அனுப்புவார்கள்.

*

இனி வருவதுதான் பெரும்பாலான கார் ஆர்வலர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிற இடம். கம்பி போட்டால் வண்டி சாயாது, சாயாவிட்டால் எடை வெளிச்சக்கரத்துக்குப் போகாது, அதனால் பிடிமானம் கூடும் என்று சொல்கிறார்கள். விளம்பரங்களும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி இயற்பியலுக்கே விரோதம்.

வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் போகிற எடையைத் தீர்மானிப்பவை நான்கே: வண்டியின் எடை, எவ்வளவு கூர்மையாக எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம், புவியீர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம். சாய்வுக்கு இதில் இடம் மிகச் சொற்பம். ஹெரால்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கர அகலம் நாலடி, அதாவது 1.22 மீட்டர். மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் என்று கொண்டு, 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், சுமார் 150 கிலோ உள்ளிருந்து வெளியே நகரும். நிற்கும்போது பக்கத்துக்கு 450 ஆக இருந்தது இப்போது வெளியே 600, உள்ளே 300. எத்தனை தடித்த கம்பி போட்டாலும் அந்த 150 அப்படியேதான் இருக்கும். சின்னதாக மாறலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் கம்பி எதைத்தான் மாற்றுகிறது?

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாடு பார்த்தவர்களுக்குப் பல்லக்கு சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள்களைத் தெரியும். பல்லக்கு வலப்பக்கம் ஒயிலாகச் சாய்கிறது என்றால் வலப்பக்கத் தோள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவு பாரம் கூடும் என்பது கணக்கு. அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கூடுதல் பாரத்தை வலது முன்னால் நிற்பவர் சுமப்பாரா, வலது பின்னால் நிற்பவர் சுமப்பாரா என்பது குறுக்கே போட்ட மூங்கிலைப் பொறுத்தது. முன்னால் விறைப்பான மூங்கில், பின்னால் நெகிழ்கிற மூங்கில் என்றால், சாய்வு முன்னால் இருப்பவர் தோளில் இறங்கும். பின்னால் இருப்பவர் தப்பித்தார்.

காரிலும் அதுதான். முன்னால் கம்பியைத் தடிமனாக்கினால் அந்த 150இல் பெரும்பங்கை முன்வெளிச்சக்கரம் வாங்கிக்கொள்ளும். பின்வெளிச்சக்கரத்துக்குச் சுமை குறையும். பின்னால் தடிமனாக்கினால் நேர்மாறு. ஆக, முன்னால் கட்டிய கம்பியின் விளைவை நாம் உணர்வது பின்னால்தான். நான் இந்தத் துறையைப் பற்றி முதலில் படித்தபோது என்னைத் தூக்கிவாரிப் போட்டது இந்த ஒரு விஷயம். (இதற்குச் சேஸிஸ் விறைப்பாக இருக்க வேண்டும். உடலைத் துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ்மேல் போல்ட் போட்டு மாட்டிய ஹெரால்ட் போன்ற வண்டியில், சேஸிஸே கொஞ்சம் முறுக்கிக்கொண்டு இந்தச் செய்தியை அரைகுறையாகத்தான் பின்னால் கொண்டுபோகும்.)

சுமை கூடினால் என்ன கெடுதல்? டயரின் குணம் அப்படி. பாரம் இரண்டு மடங்கானால் பக்கவாட்டுப் பிடி இரண்டு மடங்காகாது, அதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 200 கிலோ சுமக்கிற டயர் 200 கிலோ பக்கவிசை தாங்கும், 300 சுமந்தால் 270 தாங்கும், 100 சுமந்தால் 110 தாங்கும். 200, 200 என்று சமமாகச் சுமந்தால் ஜோடிக்கு 400. 300, 100 என்று சுமந்தால் 380. ஒரு ஜோடிக்குள் ஏற்றத்தாழ்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அந்த ஜோடி பலவீனம். முன்னால் விறைப்பு கூட்டினால் முன்ஜோடி முதலில் பிடி விடும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். பின்னால் கூட்டினால் பின்ஜோடி முதலில் விடும், வால் வீசும். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் பந்தயப் பொறியாளர்கள் கம்பியைக் கூட்டிக் குறைத்து விளையாடுவது இந்தப் பங்கீட்டைத்தான். வண்டி சாய்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சக் கவலை.

சாய்வைக் குறைப்பதில் நேரடி லாபமும் உண்டு, மறைக்கக் கூடாது. உடல் சாயும்போது முன்சக்கரங்களும் கூடவே சாய்ந்து, டயர் முழு அகலத்தில் பதியாமல் ஓரத்தில் நிற்கும். சாய்வு குறைந்தால் டயர் நிமிர்ந்து நிற்கும். பல கார்களில் முன்கம்பி இந்த வகையில் தருவது, அந்த வகையில் எடுப்பதை ஈடுகட்டிவிடும்.

*

இப்போது அந்தக் ‘காலை மடக்கும்’ சங்கதி.

நம் மாட்டுவண்டிகளில் உசத்தி வில்வண்டி. பெயரிலேயே வில் இருக்கிறது. பட்டை பட்டையாக அடுக்கிய எஃகு ஸ்பிரிங். அதன் அச்சு ஒரே நேர்த்தண்டு. இந்தச் சக்கரம் ஏறினால் அந்தச் சக்கரமும் கூடச் சாயும். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் பின்னால் இருந்தது அதே குடும்பம்தான். ஹெரால்ட் 1959இல் பிரிட்டனில் வந்தபோது அதன் பெருமைகளில் ஒன்று, பின்சக்கரங்கள் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாக ஏறி இறங்கும் என்பது. அந்த விலைக்கு அது பெரிய விஷயம். அதைச் செய்த விதம்தான் சிக்கனமானது. நடுவில் டிபரன்ஷியல் சேஸிஸோடு கட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அரை அச்சு. அரை அச்சின் உள்முனையில் மட்டும் கீல்போல ஒரு மூட்டு. வெளிமுனையில் சக்கரம் அச்சோடு விறைப்பாக ஒட்டியிருக்கும். மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஸ்விங் ஆக்சில் என்பது இதற்குப் பெயர்.

குடையை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பை மேலே தூக்கினால் கம்பிகள் கீழ்நோக்கி உள்ளே மடங்கும். ஸ்விங் ஆக்சிலிலும் உடல் உயர்ந்தால் இரண்டு அரை அச்சுகளும் கீழே தொங்கி, சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே போய், டயர் விளிம்பில் நிற்கும்.

உடல் ஏன் உயர வேண்டும்? வளைவில் வெளிச்சக்கரத்தைத் தரை உள்ளே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் வண்டியைத் திருப்புவது. தள்ளுகிற இடம் தரை மட்டம். கீல் இருப்பதோ அதற்கு மேலே, டிபரன்ஷியல் அருகே. கீழேயிருந்து சாய்வாக மேலே போகிற அந்தக் கோட்டில் தள்ளல் ஏறிப் போய் உடலைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. உள்சக்கரம் இதற்கு எதிராக உடலைக் கீழே இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வெளிச்சக்கரத்தில்தான் சுமை அதிகம், ஆகவே தள்ளலும் அதிகம், தூக்கல் ஜெயிக்கிறது. உயர உயரக் கோடு இன்னும் செங்குத்தாகும், தூக்கல் இன்னும் கூடும். இதுபோதாதென்று, பயந்துபோய் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் போய்ப் பின்பக்கம் லேசாகும். சக்கரம் சட்டென்று மடங்கி வால் வீசும். பயந்தவனைத்தான் தண்டிக்கிற அமைப்பு இது.

இந்த இடத்தில் பின்னால் ஒரு ‘ப’வைக் கட்டினால்? பின்னால் விறைப்பு கூடும். பின்ஜோடிக்குள் வெளிச்சக்கரம் இன்னும் அதிகம் சுமக்கும், உள்சக்கரம் இன்னும் லேசாகும். தூக்கலுக்கும் இழுப்புக்கும் உள்ள இடைவெளி விரியும். மெக்கானிக் சொன்னது அப்படியே நடக்கும். முன்னால் தடித்த கம்பி போட்டாலோ, பின்சக்கரங்களின் சுமை சமநிலையை நோக்கி வரும், காலை மடக்குவது தள்ளிப்போகும்.

டிரையம்ப் பொறியாளர்களும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். 1970இல் வந்த நான்காம் ஸ்பிட்பயரில் பின்பட்டை ஸ்பிரிங்கை மாற்றினார்கள். அதுவரை பட்டைகள் எல்லாம் நடுவில் இறுக்கிக் கட்டியிருந்தன. இப்போது ஒரு பட்டையைத் தவிர மற்றவை தராசுக்கோல்போல் நடுவில் ஆடும்படி விட்டார்கள். தராசின் இரண்டு தட்டையும் சேர்த்து அழுத்தினால் கோல் எதிர்க்கும். ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் பேசாமல் சாயும். அதாவது மேடு பள்ளத்தைத் தாங்கும், வண்டி சாய்வதைத் தடுக்காது. ‘ப’ கம்பி செய்வதற்கு அச்சு அசலாக எதிர்மாறான வேலை! பின்னால் அப்படித் தளர்த்திவிட்டு, உடல் படகுபோல் ஆடாமலிருக்க முன்கம்பியைத் தடிப்பாக்கினார்கள். நண்பர் கையிலிருந்த முன்கம்பி அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. பின்கம்பியோ, அவர்கள் பாடுபட்டுத் தளர்த்தியதைத் திரும்ப இறுக்குவதற்கென்று பிற்காலத்தில் யாரோ செய்து விற்றது.

அமெரிக்காவில் இதே பாடத்துக்கு விலை அதிகம். செவ்ரோலே கோர்வேர் 1960 மாடலாக வந்தது. இன்ஜின் பின்னால், ஸ்விங் ஆக்சில், முன்னால் ஸ்டெபிலைசர் இல்லை. 1964 மாடலில்தான் முன்னால் கம்பியும் பின்னால் குறுக்குப் பட்டையும் வந்தன. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது, வழக்குகள் குவிந்தன. பின்னாளில், 1972இல், அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை சோதித்துவிட்டு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்றது. அதுவும் உண்மையாக இருக்கலாம். அந்தக் காலத்து மற்ற கார்கள் எப்படி இருந்தன என்பதை ஹெரால்டில் பார்க்கிறோமே.

பெருங்களத்தூரில் இதற்கு வேறொரு தீர்வு கண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டையே கொஞ்சம் முகம் மாற்றி ‘கெஸல்’ என்று கொண்டுவந்தபோது, ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு நேர்த்தண்டு அச்சு வைத்தார்கள். இன்ஜின் அதே 948 சிசி. தொழில்நுட்ப வரலாற்றில் இதைப் பின்னடைவு என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். நாட்டில் எந்த மூலையிலும் மெக்கானிக்குக் கைவந்த அச்சு அது. அது காலையும் மடக்காது.

*

பொருத்துவதற்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதுவதற்குத்தான் நேரம் ஆகிறது. பழைய கம்பியைக் கழற்றியபோது ரப்பர் புஷ்கள் மாவாகக் கையில் உதிர்ந்தன. புதியவை பாலியூரிதேன், மஞ்சள் நிறம். அவற்றின் உள்பக்கம் கூடவே வந்த சிலிகோன் கிரீஸை விரலால் வழித்துத் தடவினார் மெக்கானிக். “இது தடவலன்னா கிளி மாதிரி கத்தும் சார், வண்டிய விட்டு இறங்கி ஓடிடுவீங்க.”

கிளாம்புகளை மாட்டி, லிங்க் ராடுகளையும் கோத்துவிட்டு, நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்தினார். ஜாக்கியை இறக்கினார். வண்டியை முன்னும் பின்னும் இரண்டடி உருட்டச் சொன்னார். முன்பம்பரில் கைவைத்து நான்கு முறை அமுக்கிக் குலுக்கினார். பிறகு நண்பரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, அடியில் படுத்து ஸ்பானரால் இறுக்கினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கியிருந்தால், வண்டி தரையில் நிற்கும்போதே புஷ்கள் முறுக்கிய நிலையில் இருக்கும், சீக்கிரம் கிழியும். இரண்டு லிங்க்கும் ஒரே நீளத்தில் உட்காராவிட்டால் ‘ப’ பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டிருக்கும். இடது வளைவு ஒரு மாதிரி, வலது வளைவு ஒரு மாதிரி. அவர் இரண்டையும் நூல் பிடித்துப் பார்த்தார்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகளும் அசல் வடிவத்தையே கேட்கின்றன. நண்பர் பழைய கம்பியை எண்ணெய்த் துணி சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். போல்ட்டில் கழற்றிப் போல்ட்டில் மாட்டிவிடக்கூடிய வேலை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

சோதிக்க, சிப்காட் உள்சாலையில் ஆளில்லாத ஒரு பெரிய வட்டத் திருப்பத்துக்குப் போனோம். சாய்வை அளக்க நண்பர் மொபைலில் ஒரு செயலியை ஏற்றி டாஷ்போர்டில் ஒட்டியிருந்தார். அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். சுற்றும்போது மொபைலுக்கு ‘கீழே’ எது என்று தெரியாது. புவியீர்ப்பும் சுழற்சியும் சேர்ந்த திசையைத்தான் அது கீழ் என்று நம்பும். கண்ணாடியில் தொங்கும் சாவிக்கொத்துபோல் அதுவும் வெளியே வீசப்படும். சாய்வோடு இந்த வீச்சையும் கூட்டிச் சொல்லிவிடும். ரோட்டோரத்தில் நின்று நேர்பின்னாலிருந்து வீடியோ எடுத்து, பம்பருக்கு ஒரு கோடும் சாலைக்கு ஒரு கோடும் போட்டுப் பார்ப்பதே சரி. முந்தின வாரம் பழைய கம்பியோடு எடுத்த வீடியோவும் இருந்தது. சாய்வு குறைந்திருந்தது, ஆனால் இரண்டரை மடங்கு குறையவில்லை. சாய்வைத் தடுப்பதில் கம்பி ஒரு பங்காளிதான். காயில் ஸ்பிரிங்கும் பட்டையும் தங்கள் பங்கை முன்பு போலவே செய்கின்றன.

வீடியோவில் என் கண் போனது பின்சக்கரத்துக்கு. முன்பு வளைவின் நடுவில் பின்பக்கம் விரல் அகலம் எழும்பி, வெளிச்சக்கரத்தின் மேல்விளிம்பு மட்கார்டை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். இப்போது அது கொஞ்சம் அடக்கமாக நின்றது. முன்னால் கட்டிய கம்பியின் வேலை!

திரும்பி வரும்போது இன்னொன்றும் தெரிந்தது. வேகத்தடைகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த ஒற்றைப் பள்ளத்தில் இடச்சக்கரம் இறங்கியதும் வலப்பக்கமும் சேர்ந்து உதறியது, நண்பரின் தலை கண்ணாடிப் பக்கம் ஆடியது. கம்பிக்குப் பள்ளம் எது, வளைவு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரு கை ஏறி ஒரு கை இறங்கினால் முறுக்கும், அவ்வளவுதான். சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி என்று ஹெரால்ட் பெருமைப்பட்டுக்கொண்டதில் முன்பக்கத்துப் பங்கு கொஞ்சம் போய்விட்டது. “பரவாயில்லை” என்றார் நண்பர், கழுத்தைத் தடவிக்கொண்டே.

பின்கம்பி ஷெட் சுவரில் இரண்டு ஆணியில் தொங்குகிறது. போன மாதம் போனபோது அதில் ஒரு காக்கிச் சட்டையும் டிபன் பையும் மாட்டியிருந்தன. ஷெட்டுக்குள் பாதி பிரித்த நிலையில் புதிதாக ஒரு பழைய வண்டி நின்றது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த கெஸல். மெக்கானிக் அதன் அடியில் படுத்துக்கொண்டு, நேர்த்தண்டு அச்சின்மேல் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“சார், அந்தச் சட்டைய எடுத்துட்டு அந்தக் கம்பியக் கொஞ்சம் எடுத்தாங்க. இதுக்கு வச்சுப் பார்ப்போம்.”